எம்டனுக்கு மூன்று புகைபோக்கி: பழைய கடற்போர் ஆட்டத்தின் படங்களைப் புதுப்பிக்கும் முறை

கிருஷ்ணகிரியில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் ஒருவர் கேட்டது இது. 1990களில் டாஸில் (விண்டோஸுக்கு முன் இருந்த இயங்குதளம்) ஓடிய, முதல் உலகப் போர் காலத்துக் கடற்போர் வியூக ஆட்டம் ஒன்று அவரிடம் இருக்கிறது. இன்றைய திரையில் படங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. ஃபோல்டரில் உள்ள பி.சி.எக்ஸ் என்ற பழைய வகைப் படக் கோப்புகளையெல்லாம் ஏ.ஐ மென்பொருளில் 4 மடங்கு பெரிதாக்கிப் போட்டார், ஆட்டம் திறக்கவே இல்லை. திரும்ப 320×200க்குச் சுருக்கி ஃபோட்டோஷாப்பில் சேமித்துப் போட்டார். திறந்தது. ஆனால் கப்பலைச் சுற்றி இளஞ்சிவப்பு ஓரம், அசைந்துகொண்டிருந்த கடல் நின்றுவிட்டது, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் மூன்று புகைபோக்கிகளும் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. எங்கே தவறு, எப்படிச் செய்வது என்கிறார்.

நான்கும் நான்கு வேறு தவறுகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஆட்டம் ஏன் திறக்கவில்லை. அந்தக் கால வி.ஜி.ஏ (அன்றைய கணினித் திரை முறை) ஆட்டம் ஒரு முழுத்திரைப் படத்துக்கு நினைவகத்தில் ஒதுக்குவது 320×200, அதாவது 64,000 பைட். நீங்கள் கொடுத்தது 1280×800, அதாவது 10,24,000 பைட். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி, அடுத்திருந்த எதன் மேலோ எழுதிவிட்டு நிரல் விழுந்துவிட்டது. ஆட்டத்தின் மூல நிரல் கையில் இல்லாதவரை படத்தின் அளவை ஒரு பிக்சல்கூட மாற்ற முடியாது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே பெட்டிக்குள் நல்ல பிக்சலை வைப்பது ஒரு வேலை. அந்தப் பெட்டியைப் பெரிய திரையில் சுத்தமாகக் காட்டுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் இரண்டுமே நடக்காது.

இரண்டாவது வேலை சுலபம் என்பதால் அதை முடித்துவிடுகிறேன். 320×200 படம் அன்றைய 4:3 திரையை முழுதாக நிரப்பியது. எனவே அதன் ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட உயரத்தில் 1.2 மடங்கு நீளம். இன்றைய திரையின் பிக்சல் சதுரம். டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளின் அமைப்புக் கோப்பில், ரெண்டர் பகுதியில் ஆஸ்பெக்ட் என்ற வரியை ட்ரூ என்று வையுங்கள். எஸ்.டி.எல் பகுதியில் அவுட்புட் என்ற வரியை ஓபன்ஜிஎல்என்பி என்று வையுங்கள், பிக்சல் மங்கலாகாது. அகலத்தில் 5 மடங்கும் உயரத்தில் 6 மடங்கும் வைத்தால் சரியாக 1600×1200 வரும், ஒரு பிக்சல்கூடப் பிசகாது. 1080 உயரத் திரையில் அந்த முழு எண் பொருத்தம் அமையாது. சில பிக்சல் ஒரு கோடு தடித்துத் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரிலிருந்து பெங்களூர் பக்கம்தான். அங்கே மின்னணுப் பொருள் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் பழைய டப்பா மானிட்டர் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கி வையுங்கள். மூல ஓவியர் எதைப் பார்த்து வரைந்தார் என்பது அதில்தான் தெரியும்.

இதே வகை ஆட்டம் விண்டோஸ் 95 காலத்தது, 640×480 என்றால், பிக்சல் சதுரமே. அங்கே சிக்கல் 256 வண்ண முறையில் வரும். சிஎன்சி-டிட்ரா என்ற சிறு கோப்பை ஆட்டத்தின் ஃபோல்டரில் வைத்தால் பெரும்பாலும் தீரும். 2 மடங்கு பெரிதாக்கினால் 1280×960. இன்னொன்று, ஆட்டத்தை ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள். விஸ்டா முதல் வந்த விண்டோஸ், பழைய நிரல்கள் அங்கே எழுதுவதை விர்ச்சுவல் ஸ்டோர் என்ற வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். நீங்கள் மாற்றுவது ஒரு கோப்பு, ஆட்டம் படிப்பது இன்னொரு கோப்பு என்று ஆகி, பாதி நாள் வீணாகும்.

இப்போது வண்ணத்துக்கு வருவோம். தொழில்முறை டிசைனர்கள் தடுமாறும் இடம் இதுதான், காரணம் உங்கள் கை பழகியது வேறு விதம். ஃப்ளெக்ஸில் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தைத் தானே சுமக்கிறது. இங்கே ஒரு புள்ளியில் இருப்பது நிறம் அல்ல, 0 முதல் 255 வரை ஒரு எண். அந்த எண்ணுக்கு என்ன நிறம் என்பதைப் பேலட் என்ற பட்டியல் தனியாகச் சொல்கிறது. 47 என்றால் சாம்பல், 200 என்றால் கடல்நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் இண்டெக்ஸ்டு கலருக்கு மாற்றும்போது அடாப்டிவ் என்று விட்டால், அது தன் விருப்பப்படி புதிய பட்டியல் போட்டு எண்களை மாற்றிவிடும். படம் ஃபோட்டோஷாப்பில் அழகாகத்தான் தெரியும். ஆனால் ஆட்டம் பழைய எண்களை நம்பி எழுதப்பட்டது.

கடல் நின்றது இதனால்தான். அந்த ஆட்டங்களில் அலை என்பது அடுத்தடுத்து வரும் படங்கள் அல்ல. பேலட்டில் தொடர்ச்சியாக உள்ள சில எண்களின் நிறங்களை நிரல் சுழற்றிக்கொண்டே இருக்கும். படத்தில் ஒரு பைட்டும் மாறாது, நிறம் மட்டும் ஓடும், கண்ணுக்கு அலை. உங்கள் புதிய படத்தில் கடல் வேறு எண்களுக்குப் போய்விட்டது. சுழற்சி நடக்கிறது, ஆனால் அந்த எண்களில் இப்போது எந்தப் பிக்சலும் இல்லை.

எந்தெந்த எண்கள் சுழல்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டாஸ்பாக்ஸில் கடல் தெரியும்போது கன்ட்ரோலுடன் எஃப்5 அழுத்துங்கள். ஒரு நொடி விட்டு மறுபடி அழுத்துங்கள். கிடைக்கும் பி.என்.ஜி படங்கள் 256 வண்ணப் பேலட்டோடு, மூல அளவிலேயே இருக்கும். இரண்டின் பேலட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், எந்த எண்களில் நிறம் வேறாக இருக்கிறதோ அவைதான் சுழல்பவை. குறித்து வையுங்கள். ஆட்டத்தில் இரவுக் காட்சி இருந்தால் அங்கேயும் ஒரு படம் எடுங்கள். இரவு என்பது பெரும்பாலும் வேறு பேலட்தான், படம் அதேதான். எம்டன் சென்னையைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவில். அந்தக் காட்சியில் நீங்கள் வரைந்த கப்பல் கறுப்போடு கறுப்பாகக் கரைந்துபோகக் கூடாது.

மூலப் பேலட்டை எடுப்பது ஐந்து நிமிட வேலை. 256 வண்ண பி.சி.எக்ஸ் கோப்பின் கடைசி 768 பைட்தான் பேலட், ஒரு நிறத்துக்கு மூன்று பைட் வீதம் 256 நிறம். அதற்கு முன் 12 என்ற மதிப்பில் ஓர் அடையாள பைட் நிற்கும், கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் 0சி என்று தெரியும். அந்தக் கடைசி 768 பைட்டை மட்டும் வெட்டி, ஏ.சி.டி என்ற பின்னொட்டோடு சேமித்தால் ஃபோட்டோஷாப் அதை அப்படியே தன் வண்ணப் பட்டியலாக ஏற்றுக்கொள்ளும், இரண்டின் உள்ளமைப்பும் ஒன்றே. ஹெச்எக்ஸ்டி என்ற இலவச எடிட்டர் இதற்குப் போதும்.

பேலட் கிடைத்ததும் நேராக மாற்றிவிடாதீர்கள். இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, பேலட்டில் ஒரே நிறம் இரண்டு எண்களில் இருக்கும். ஒளிபுகும் எண் (ஆட்டம் வரையாமல் விட்டுப் பின்னால் உள்ளதைக் காட்டும் எண்) 0 கறுப்பு, கப்பலின் நிழலுக்கான எண் 16ம் கறுப்பு என்று வையுங்கள். மாற்றும்போது எல்லாக் கறுப்பும் 0க்குப் போய்விடும், கப்பலின் சன்னல்களும் பீரங்கி நிழல்களும் ஓட்டையாகி அவற்றின் வழியே கடல் தெரியும். மற்றொன்று, சாம்பல்நீலக் கப்பலின் சில பிக்சல்கள் சுழலும் கடல் எண்களில் போய் விழும், கப்பலின் பக்கவாட்டில் அலை மினுங்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஏ.சி.டி கோப்பின் நகல் ஒன்றில், எண் 0ஐயும் சுழலும் எண்களையும் கப்பலில் வரவே வராத நிறங்களாக, பளிச்சென்ற பச்சை, மெஜந்தா என்று, தற்காலிகமாக மாற்றி வையுங்கள். அந்த நகலைக் கொண்டு மாற்றுங்கள். இமேஜ் மெனுவில் மோட், இண்டெக்ஸ்டு கலர், பேலட்டில் கஸ்டம், டிதர் (இரு நிறப் புள்ளிகளைக் கலந்து இடைநிறம் காட்டுவது) வேண்டாம், ட்ரான்ஸ்பரன்ஸி டிக்கை எடுத்துவிடுங்கள். முடிந்ததும் அதே மெனுவில் கலர் டேபிள் திறந்து மூல ஏ.சி.டியை ஏற்றினால், எண்கள் அப்படியே இருக்க, நிறங்கள் பழையபடி வந்துவிடும். கிம்ப்பிலும் இதே வழிதான். அங்கே, பயன்படாத வண்ணங்களை நீக்கு என்ற டிக்கை எடுக்க மறந்தால் எண்கள் எல்லாம் இடம் மாறிவிடும்.

இளஞ்சிவப்பு ஓரத்துக்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. மேலே கறுப்பு என்றது உதாரணத்துக்கு, உங்கள் படங்களில் ஒளிபுகும் எண்ணின் நிறம் மெஜந்தா. சுருக்கும்போது ஃபோட்டோஷாப் ஓரப் பிக்சல்களைக் குழைத்துச் சாம்பலும் மெஜந்தாவும் கலந்த இடைநிறம் உண்டாக்கியது. ஆட்டம் மறைப்பது அந்த ஒரே எண்ணை மட்டும். முக்கால்வாசி மெஜந்தா என்றாலும் அது காட்டத்தான் செய்யும். ஆகவே ஓரத்தில் மென்மை கூடாது. ஒரு பிக்சல் ஒன்று கப்பல், இல்லையென்றால் கடல். புள்ளிக் கோலத்தில் அரைப்புள்ளி கிடையாது அல்லவா, அதே கணக்கு. பிரஷ் வேண்டாம், பென்சில் கருவி மட்டும். அளவு மாற்ற வேண்டியிருந்தால், நிறங்களைக் குழைக்காத நியரஸ்ட் நெய்பர் முறை மட்டும்.

இனி எம்டன். இந்த வேலையில் மனம் வைத்துச் செய்ய வேண்டியது இதுதான்.

வியூக ஆட்டத்தில் கப்பலின் படம் அலங்காரம் அல்ல, தகவல். அடிவானத்தில் தெரிவது யார் என்பதைப் பக்கவாட்டு உருவத்தை வைத்துத்தான் ஆடுபவர் முடிவு செய்கிறார். நிஜக் கடலிலும் அன்று அப்படித்தான். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. அதே அளவிலான ஆங்கிலேயக் குரூசர்கள் பலவற்றுக்கு நான்கு. அதனால் எம்டன் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆங்கிலேயக் கப்பல்போலத் திரிந்தது. அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் அந்த வேடத்தில்தான் நுழைந்தது. பொல்லாத சாமர்த்தியக்காரனை நாம் இன்றும் 'எம்டன்' என்கிறோம், அந்தச் சாமர்த்தியத்தில் ஒரு புகைபோக்கிக்கும் பங்குண்டு. உங்கள் படத்தில் மூன்றும் ஒட்டிக் கட்டியானால் ஆட்டத்தின் உயிரே போயிற்று. ஏ.ஐ பெரிதாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு பிக்சல் அகலப் புகைபோக்கியையும் நடுவே இரண்டு பிக்சல் வெளியையும் பார்த்து, இது புகைபோக்கி என்று அதற்குத் தெரிய வழியில்லை. முகத்துக்கும் மரத்துக்கும் பழகிய கருவி, இல்லாத வளைவை ஊகித்து நிரப்புகிறது. திரும்பச் சுருக்கும்போது அந்த ஊகமும் சராசரியாகிக் குழம்புகிறது. மெனுத் திரைக்குப் பின்னணியாக வரும் பெரிய ஓவியங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். கப்பல் உருவத்துக்கு வேண்டாம், கையால் வரையுங்கள்.

வரையும் முன் அளவுகோல் ஒன்றை முடிவு செய்யுங்கள். கப்பல் பெட்டி 128×32 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்தின் நீளமான கப்பல் லயன் என்ற போர்க்குரூசர் என்றால் அதன் நீளம் ஏறக்குறைய 213 மீட்டர். குறுக்கே 3 பிக்சலுக்கு 5 மீட்டர் என்று எடுத்தால் லயன் 128 பிக்சல், பெட்டியை முட்டும். எம்டன் 118 மீட்டர், ஆக 71 பிக்சல். அதைக் கோகோஸ் தீவருகே நவம்பர் 9 அன்று வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி 139 மீட்டர், 84 பிக்சல், நான்கு புகைபோக்கி. செங்குத்தில் கணக்கு வேறு. பிக்சல் 1.2 மடங்கு உயரம் என்பதால் ஒரு பிக்சல் சரியாக 2 மீட்டர். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு வரைபடத்தை இரு திசையிலும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் திரையில் கப்பல் ஐந்தில் ஒரு பங்கு உயரம் கூடி, பீப்பாய் மாதிரி நிற்கும். ஃபோட்டோஷாப்பில் பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோவை 0.833 என்று வைத்து அந்தக் காட்சியைத் திறந்துகொண்டே வரையலாம். கிம்ப்பில் குறுக்கே 72, நெடுக்கே 60 என்று ரெசல்யூஷன் கொடுத்து, டாட் ஃபார் டாட் காட்சியை அணைத்துவிடுங்கள்.

கப்பலின் வரைபடத்தைக் கீழ் அடுக்கில் மங்கலாக வைத்து முதலில் ஒரே நிறத்தில் நிழலுருவம் மட்டும் போடுங்கள். புகைபோக்கி ஒன்று 2 பிக்சல். இடைவெளி அளவுகோல்படி எவ்வளவு வந்தாலும் 2 பிக்சலுக்குக் குறைய விடாதீர்கள். தேவையானால் கொடிமரத்தை ஒரு பிக்சல் தள்ளுங்கள், புகைபோக்கியை ஒட்ட வைக்காதீர்கள். அளவு பிசகுவது யாருக்கும் தெரியாது, எண்ணிக்கை பிசகினால் எல்லாருக்கும் தெரியும். முன்மூக்கின் சாய்வு, கொடிமரங்களின் இடம், பின்தளம் எங்கே இறங்குகிறது, இந்த மூன்றும் அடுத்தவை. கயிறு, கம்பிகளை அறவே விடுங்கள். நிழலுருவத்தை மட்டும் சிட்னிக்கு அருகில் வைத்து, நாற்காலியைத் தள்ளி எட்டு அடி தள்ளி நின்று பாருங்கள். இரண்டும் வேறு வேறாகத் தெரிந்த பிறகுதான் உள்ளே நிறம்.

சாம்பலுக்கு நான்கைந்து படிகள் போதும். வெளிச்சம் எல்லாக் கப்பலுக்கும் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். தளத்தின் மேல்விளிம்பில் ஒரு பிக்சல் வெளிச்சக் கோடு, நீர்க்கோட்டில் ஒரு பிக்சல் இருள். சாம்பல் என்றதும் பேலட்டின் நடுநிலைச் சாம்பலை எடுத்துவிடாதீர்கள். கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைக்குப் போனால் சாம்பலில் எத்தனை விதம் என்று தெரியும், நீலம் ஓடுவது, பழுப்பு ஓடுவது, இளஞ்சிவப்பு ஓடுவது. கப்பல் சாம்பலில் நீலம் லேசாக ஓட வேண்டும். ஜெர்மன் கப்பல்களுக்கு உடல் ஒரு சாம்பல், மேற்கட்டு அதைவிட வெளிறிய சாம்பல். போருக்கு முன் எம்டனுக்கு வெள்ளைப் பூச்சு, கிழக்கின் அன்னம் என்ற பெயர் அதனால்தான். அமைதிக்காலக் காட்சி ஆட்டத்தில் இருந்தால் அதற்கு வெள்ளை உருவம் தனியாக வரையலாம். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும், வி.ஜி.ஏ பேலட்டில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 64 படிதான். உங்கள் திரையில் தெரியும் 256 படி நுணுக்கம் அங்கே நான்கு நான்காகத் தாவும். பக்கத்துப் பக்கத்துச் சாம்பல் இரண்டு ஒன்றாகிவிடக்கூடும்.

ஆட்டத்தின் நிலவரைபடத் திரைக்கு, நேச்சுரல் எர்த் என்ற தரவுத் தொகுப்பு தரும் 1:10 மில்லியன் கடற்கரைக் கோடுகளைக் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறக்கலாம், இரண்டும் இலவசம். ஆட்டத்தின் வரைபடம் எந்த வகை வீச்சு (உருண்டை உலகைத் தட்டையாக்கும் முறை) என்று முதலில் பாருங்கள். அட்சரேகைகள் சம இடைவெளியா, நிலநடுக்கோட்டிலிருந்து விலகப் போக விரிகின்றனவா (மெர்கேட்டர் வீச்சு)? சென்னை, கொழும்பு, பினாங்கை வைத்துப் பார்த்தால் தெரியாது. 13 பாகைக்குள் மெர்கேட்டரின் விரிவு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 34 பாகையில் இருக்கும் கேப்டவுனில் அது 20 விழுக்காட்டைத் தாண்டும், அங்கே அளந்தால் உடனே புலப்படும். ஆனால் கடற்கரையைத் துல்லியமாக்கும் ஆசைக்கு ஓர் எல்லை வையுங்கள். எந்தக் கட்டம் நிலம், எது நீர் என்பது படத்தில் இல்லை, தனி தரவுக் கோப்பில் இருக்கிறது. நீங்கள் பாம்பன் பக்கம் கரையைத் திருத்தி வரைந்தால் ஆட்டத்துக்கு அது தெரியாது, கப்பல்கள் உங்கள் அழகான மணல்மேட்டின் மேல் பயணிக்கும். பழைய கரையிலிருந்து அரைக் கட்டத்துக்கு மேல் விலகாதீர்கள்.

கடலின் ஆழத்தை ஜெப்கோ என்ற கடலாழத் தரவிலிருந்து எடுத்து நான்கு நீலப் படிகளில் காட்டலாம். படிகளுக்கிடையே வேறுபாடு மெல்லியதாக இருக்கட்டும், மேலே நகரும் கப்பல் அடையாளங்கள்தான் கண்ணில் படவேண்டும். நீரின் சாயலுக்குக் கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையையோ ஒகேனக்கல்லையோ படம் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றும். அணை நீரில் பாசிப் பச்சையும், காவிரியில் செம்மண்ணும் கலந்திருக்கும். சிற்றலையின் வடிவத்துக்கு உதவும், நிறத்துக்கு உதவாது.

நீலத்தை நீலத்தோடு கலக்க டிதர் போடுவதானால், புள்ளிகளைச் சிதறவிடும் ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க் முறை வேண்டாம், 4×4 ஒழுங்குப் புள்ளி முறையே போதும். காரணம் அழகு மட்டுமல்ல. பி.சி.எக்ஸ் சுருக்கம், ஒரே எண் தொடர்ந்து வந்தால் எண்ணிக்கையைச் சொல்லி மிச்சம் பிடிப்பது. 192க்குக் குறைந்த எண் தனியாக வந்தால் ஒரு பைட், 192 முதல் 255 வரை உள்ள எண் தனியாக வந்தாலும் இரண்டு பைட் எடுக்கும். சிதறிய புள்ளிகள், அதுவும் உயர்ந்த எண்களில் என்றால், 64,000 பைட் படம் சுருங்குவதற்குப் பதில் இரட்டிப்பை நெருங்கும்.

பல படங்களை ஒரே கோப்பாகக் கட்டி வைத்த டி.ஏ.டி பொட்டலத்துக்குள் இருக்கும் படங்களுக்கு இதுவே முடிச்சு. ஹெக்ஸ் எடிட்டரில் '0ஏ 05 01 08' என்று தேடினால் உள்ளே ஒவ்வொரு பி.சி.எக்ஸும் தொடங்கும் இடம் அகப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய நீளத்தைவிடப் புதியது ஒரு பைட்கூட அதிகமாகக் கூடாது, அடுத்த படத்தின் தலையை மிதித்துவிடும். குறைவாக இருந்தால் மிச்சத்தைச் சுழியால் நிரப்பலாம், ஆனால் கோப்பின் வாலில் அல்ல. பேலட்டைப் பின்னாலிருந்து 769 பைட் எண்ணித்தான் நிரல் தேடும். எனவே படத் தரவு முடிந்து 0சி தொடங்குவதற்கு இடையில் நிரப்புங்கள்.

துறைமுகப் பெயர்களைத் தமிழில் எழுத ஆசைப்பட்டால் வரைபடத்தில் படமாகவே எழுதுங்கள். ஆட்டத்தின் 8 பிக்சல் உயர எழுத்துருவில் ழு, ணை, கொ எதுவும் நிற்காது. 12 பிக்சலாவது வேண்டும்.

மாற்றுவதை ஒரு நேரத்தில் ஒரு கோப்பு என்று மாற்றுங்கள். மூல ஃபோல்டரை முழுதாக வேறு இடத்தில் நகலெடுத்துப் பூட்டி வையுங்கள். ஒவ்வொரு கப்பலையும் பகல், இரவு, அடிபட்ட நிலை மூன்றிலும் திறந்து பார்த்த பிறகே அடுத்தது. முடித்ததை நண்பர்களுக்குக் கொடுக்கும்போது ஆட்டத்தையோ மூலப் படங்களையோ சேர்க்காதீர்கள், அவற்றின் உரிமை வெளியீட்டாளருடையது. டி.ஏ.டி கோப்புக்கு எக்ஸ்டெல்டா என்ற கருவி கொண்டு வேறுபாட்டுக் கோப்பு மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஆட்டம் சொந்தமாக வைத்திருப்பவர் தன் கோப்பின் மேல் அதைப் பொருத்திக்கொள்வார். உங்கள் பதிப்பும் அவர் பதிப்பும் ஒன்றாக இருந்தால்தான் பொருந்தும், ஆகவே பதிப்பு எண்ணையும் மூலக் கோப்பின் பைட் அளவையும் உடன் எழுதி வையுங்கள்.